மாமனின் காருக்கு அகல ரயர்

வணக்கம் சொல்வதற்கு முன்பே லோறன்ஸ் குனிந்துவிடுவார். வந்து நிற்கிற காரின் முன் ரயரில், ஓரம் வளைகிற இடத்தில், வலது கட்டைவிரலை வைத்து ஓர் அமத்து. பிறகுதான் நிமிர்ந்து, ஆள் யாரென்று பார்ப்பார். கோயில் வாசலிலும் அப்படித்தான், செத்தவீட்டிலும் அப்படித்தான். சுவிஸில், லாங்கன்தாலில் ஒரு ரயர் கடையில் இருபத்திரண்டு வருடமாக வேலை. ஆட்களின் பெயர் மறந்தாலும் ரயரின் அளவு மறக்காது. "இரவீந்திரனோ? ஆர், அந்த இருநூற்றைஞ்சுக்காரனோ?" என்று கேட்பார்.

சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் இவர் ரயரின் பள்ளத்தை அளக்கிற சின்னக் கோல் வைத்திருப்பார். அதனால் இவருடைய சட்டைகள் எல்லாவற்றிலும் பையில் ஓட்டை. மனைவி செசீலியா தைத்துத் தைத்துக் களைத்துவிட்டார்.

அவருக்குப் பற்றிக்கொண்டு வருகிற விஷயம் ஒன்றுதான். அகல ரயர். இரண்டு கதவுக் கார் ஒன்றை வாங்கிவிட்டால் போதும், ஆட்களுக்கு மண்டைக்குள் ஏதோ புகுந்துவிடும். நேரே வந்து, "அண்ணை, அகலம் கூடினாப் பிடியும் கூடும்தானே?" என்று கேட்பார்கள். கடவுளே! சனிக்கிழமையென்றால் நாலு பேராவது.

"கூடும். காய்ஞ்ச றோட்டிலை, வளைவிலை கூடும். நான் இல்லையெண்டு சொல்லேல்லை," என்று பொறுமையாகத்தான் தொடங்குவார். "ஆனா நிலத்திலை படுற இடம் பெருசாகாது, ராசா. காரிலை அதே பாரம், ரயருக்குள்ளை அதே காத்து. படுற இடம் குறுக்காலை அகலும், நீளத்திலை கட்டையாகும். அவ்வளவுதான். மழைக்குள்ளை என்ன நடக்கும் தெரியுமோ? இஞ்சை வா."

காற்றுப் போகிற ரயரை முக்கிப் பார்க்கிற தண்ணீர்த் தொட்டிக்குக் கூட்டிப் போவார். "உள்ளங்கையாலை அடி." தண்ணீர் முகத்தில் தெறிக்கும், கை மேலேயே நிற்கும். "இப்ப கையை நிமித்தி வெட்டு." கை சத்தமில்லாமல் உள்ளே போகும். "அகல ரயர் உள்ளங்கை. விளங்குதோ?"

"ஓம் அண்ணை, விளங்குது," என்று கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு, "அப்ப அகல ரயர் எத்தினை நாளிலை வரும்?" என்பார்கள்.

"கோதாரி!" என்று லோறன்ஸ் உள்ளே போய்விடுவார்.

ஊருக்கெல்லாம் சொன்னவருக்கு வீட்டில் வாய்த்தது மச்சான் டினேஸ். செசீலியாவின் ஒரே தம்பி. லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் பதினைந்து வருடம் வெந்து, ஆசைப்பட்டுப் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினான். இலேசான கார், சொன்ன பக்கம் திரும்பும். லோறன்ஸே வாய்விட்டு மெச்சினார். சும்மா விட்டிருக்கலாம். லோறன்ஸின் மகள் மிஷெலின் கல்யாணம் வந்தது. கல்யாணப் பொம்பிளையைத் தாய்மாமன் தன் காரில் கோயிலுக்குக் கொண்டுவருவது இந்தக் குடும்பத்தில் எழுதாத சட்டம். வீடியோக்காரன் காரைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு, "கோழிக்கால் மாதிரி இருக்கு, படத்திலை எடுபடாது அண்ணை," என்றானாம். போதாதா? டினேஸ் இணையத்தில் தேடி, நாற்பது மில்லிமீற்றர் கூடின நாலு ரயரை ரிம்மோடு வாங்கினான். வெளியே பிதுங்கித் தெரியவேண்டுமென்று இடையில் தகடும் வைத்துப் பூட்டினான். காரின் பத்திரத்தில் இந்த அளவே இல்லை. கழற்றின பழைய நாலையும், கடையில் எங்காவது வைக்கச் சொல்லி அக்காவிடம் கொடுத்துவிட்டான். அத்தான் ரயர் கடையில் நிற்க, அத்தானிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

"இஞ்சாருங்கோ, வாயைத் திறந்திடாதேங்கோ," என்றார் செசீலியா. மிஷெல் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் மாமனைப் படத்துக்கு இரண்டாவதாகக் கூப்பிட்டதற்கு அவன் மூன்று வருடம் வாசற்படி மிதிக்கவில்லை. செசீலியா அந்த மூன்று நத்தார்ப் பண்டிகைக்கும் அழுதார். அதைத் திரும்பப் பார்க்க லோறன்சுக்குத் தெம்பில்லை. ஆனால் கல்யாணத்தன்று முழுநாளும் மழை என்று வானிலை சொல்கிறது. கல்யாணம் நடக்கிற ஆராவ் கோயிலுக்கு முப்பத்தைந்து கிலோமீற்றர். லொறிகள் தடம் விழுத்தின நெடுஞ்சாலை. அந்தக் காருக்குள் அவருடைய ஒரே பிள்ளை.

வியாழக்கிழமை மழை பெய்தது. "மச்சான், கோயில் சோடினையை ஒருக்காப் பாத்திட்டு வருவம். நீ காரை ஓடு," என்று பக்கத்தில் ஏறி இருந்தார்.

லொறித் தடத்தில் இறங்கியதும் கார் தடம் போன பக்கம் போனது. டினேஸ் இந்தப் பக்கம் இழுக்க, அது அந்தப் பக்கம் இழுத்தது. ஒரு வளைவில் ரயர் உள்ளே உரசிக் கிறீச்சிட்டது. லோறன்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு யன்னலைப் பார்த்தார். பிறகு ஒரு லொறியை முந்தும்போது, தேங்கி நின்ற தண்ணீரில், ஸ்டியரிங் சட்டென்று பாரமில்லாமல் போனது. கார் மெல்ல, மிக மெல்ல, லொறிப் பக்கம் சாய்ந்து மிதந்தது. மாதாவே என்று லோறன்ஸ் கதவைப் பிடித்தார். ரயர் திரும்ப நிலத்தைப் பிடித்தது.

ஆராவ் வரைக்கும் எண்பதில் போனார்கள். திரும்பி வருகிறபோதுதான் டினேஸ் வாயைத் திறந்தான்.

"அத்தான், கொஞ்சம் இழுக்குது, என்ன?"

"கொஞ்சமோ?" இருபத்திரண்டு வருட எரிச்சலும் தொண்டை வரை வந்தது. அதோடு நிறுத்திக்கொண்டார்.

"கழட்டலாம். ஆனா அகல ரயரோடைதான் பொம்பிளைக் கார் எண்டு கனடா வரைக்கும் சொல்லிப்போட்டன். இப்ப கழட்டினாச் சிரிப்பினம், அத்தான்."

"சனிக்கிழமை விடிய ஆறுக்குக் கடை திறந்திருக்கும்," என்றார் லோறன்ஸ்.

கல்யாண நாள், சனிக்கிழமை காலை ஆறு மணி. மழை ஓட்டைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. கோட் சூட் போட்டு, அதற்கு மேல் வேலைச் சட்டை போட்டு, லோறன்ஸ் கடையைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். பழைய நாலு ரயரையும் ராக்கைத் தட்டிலிருந்து இறக்கி, கழுவி, காற்றுச் சரிபார்த்து வரிசையாக நிறுத்தியிருந்தார். டினேஸ் வருவானா மாட்டானா என்று தெரியாது. வராவிட்டால் மூன்று வருடமோ முப்பது வருடமோ, மகளைத் தன் பழைய காரில் ஏற்றுவதென்று முடிவெடுத்திருந்தார்.

ஆறே காலுக்குக் கார் உள்ளே வந்தது. டினேஸ் இறங்கி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். லோறன்ஸ் சில்லுக் கழற்றுகிற காற்றுத் துவக்கை எடுத்து, பின் சில்லடியில் குனிந்து, முதல் நட்டில் வைத்தார். வைத்தவர் நிறுத்தினார்.

"பொறு."

துவக்கைக் கீழே வைத்தார். ஓரமாகக் கிடந்த ஈரக் காட்போட் மட்டையைக் காரின் பின்னால் இழுத்துப் போட்டு, கல்யாணச் சூட்டோடு அதில் முழந்தாளிட்டு, கன்னம் நிலத்தில் முட்டுகிற அளவுக்குக் குனிந்து, படம் பிடிக்கக் கைத்தொலைபேசியை நீட்டினார்.

"காரை ஒரு அடி முன்னுக்கு விடு," என்றார் எரிச்சலோடு. "லைற்றையும் போடு. கண்டறியாத அகலம், கனடாவிலையும் வடிவாத் தெரியட்டும்."