விருத்தாசலத்தில் கவிழ்த்துப் போட்ட சோலார் தகடு

காலை 5.40, விழுப்புரம் சந்திப்பு. விருத்தாசலத்துக்கு ஏறத்தாழ ஐம்பத்தைந்து கிலோமீட்டர் பயணம், டிக்கெட் முப்பத்தைந்து ரூபாய். என் வீட்டு மாடியில் எட்டு சோலார் தகடு மாட்டியதிலிருந்து, சொந்தத்தில் யாருக்கு வெயிலைப் பற்றிச் சந்தேகம் வந்தாலும் என் போன்தான் அடிக்கிறது. எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு. இந்த முறை அழைத்தவர் மல்லிகா அண்ணி, என் பெரிய அண்ணன் மனைவி. செராமிக் எஸ்டேட்டில் ஃபியூஸ் கட்டைக்குப் பீங்கான் செய்யும் சின்னப் பட்டறை அவருடையது. கூரையில் நான்கு வருடத்துக்கு முன் போட்ட நீலத் தகடுகளால் மண் அரைக்கும் மில்லை ஓட்ட முடியவில்லையாம். எல்லாவற்றையும் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமா வேண்டாமா என்று மதியத்துக்குள் தகடு வியாபாரியிடம் சொல்லியாக வேண்டும்.

7.15. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோ எண்பது ரூபாய். "இங்க வெள்ளச் சட்ட போட்டாத்தாங்க அழுக்கு தெரியாது" என்றார் ஓட்டுநர். உள்ளே நுழைந்ததும் புரிந்தது. தரை, சுவர், வேப்ப மரத்து இலை எல்லாமே வெள்ளை. சூளையில் சுடுவதற்கு முன் காய வைத்த பச்சைப் பீங்கான் வரிசையில் காலை வெயில் பட்டுத் தெறித்ததில் கண் கூசி அப்படியே நின்றுவிட்டேன்.

8.00. புதிதாக எதைப் போடலாம் என்று அண்ணி கேள்விகளைத் தயாராக வைத்திருந்தார். ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். கருப்புத் தகடு இதே இடத்தில் கூடுதல் மின்சாரம் தரும், விலை அதிகம். மெல்லிய படலத் தகடு எடை குறைவு, சூட்டையும் தாங்கும், ஆனால் அதற்கு இடம் நிறைய வேண்டும். அண்ணிக்கு ஆசையெல்லாம் இரண்டு பக்கமும் கண்ணாடி வைத்த தகட்டின் மேல்தான். அடியிலிருந்து வரும் வெளிச்சத்தையும் அது பிடிக்குமாம். கல்நார் கூரையில் படுக்க வைத்தால் அடிப்பக்கம் இருட்டுதான், அந்தக் கனத்தையும் கூரை தாங்காது என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். நீலத் தகடு நீலமாகவே இல்லை, மோர் தெளித்தது போல் மங்கியிருந்தது. தினமும் கழுவுகிறோமே என்றார் அண்ணி. எந்தத் தண்ணீரில் என்று கேட்டேன்.

"தொட்டியில தெளிஞ்ச தண்ணிதான். மண்ணு கலந்த தண்ணிய நாங்க கீழ ஊத்தமாட்டோம் ஜெயா."

பீங்கான்காரர்களின் பழக்கம் அது. தொட்டியில் மண் கரைசல் அடியில் படிந்த பிறகு மேலே நிற்கும் தண்ணீரைத் திரும்பத் திரும்பப் புழங்குவார்கள். பார்க்கப் பளிங்காக இருந்தாலும் அதிலும் நைஸ் மண் இருக்கிறது. அடப்பாவமே, நான்கு வருடமாகத் தகட்டுக்குத் தினமும் மண் பூசியிருக்கிறார்கள்! கண்ணாடி சூடாவதற்குள் நல்ல தண்ணீர் கொண்டு வரச் சொல்லி, பீங்கானை வழவழப்பாக்கும் ஸ்பாஞ்சால் நானும் அண்ணியும் மூன்று முறை தேய்த்தோம்.

11.30. மீட்டரில் நேற்று இதே நேரம் இரண்டேகால் கிலோவாட். இன்று மூன்றேமுக்கால். மில் உருள ஆரம்பித்தது. அண்ணி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வியாபாரி முதல் நாள் விட்டுப்போன இரட்டைக் கண்ணாடி மாதிரித் தகடு முற்றத்தில் கிடந்தது. அதைத் தூக்கி நான்கு பீப்பாய்களின் மேல் கவிழ்த்து வைத்தோம். முகம் தரையைப் பார்க்க, முதுகு வானத்தைப் பார்க்க, நான் கொண்டுவந்த கை மீட்டரின் கம்பிகளைச் செருகினேன். முள் எழுந்தது, முதுகும் வெளிச்சத்தைப் பிடிக்கிறது. நேராகத் திருப்பி, முதுகை ஒரு சாக்கால் மூடித் திறந்தேன். திறந்ததும் முள் இன்னும் மேலே போனது. வெறும் வெள்ளைத் தரை திருப்பிக் கொடுத்த வெளிச்சம்! இத்தனை வருடம் வெயிலை மேலே மட்டும்தான் தேடியிருக்கிறேன்.

பழையதைக் கழற்ற வேண்டாம், இதில் நான்கு மட்டும் முற்றத்தின் மேல் உயரமாக, இடைவெளி விட்டுப் பந்தலாகப் போடலாம் என்று வியாபாரியிடம் சொல்லிவிட்டார் அண்ணி. பச்சைப் பீங்கானுக்கு நிழலும் ஆயிற்று.

மாலை 4.20. ஸ்டேஷன் வரை வந்த அண்ணி, வண்டி நகரும்போது கேட்டார்.

"உங்க வூட்டுல எந்தத் தண்ணில கழுவற ஜெயா?"

நான் கழுவுவது எங்கள் போர் தண்ணீரில்; அதைக் காய்ச்சிய பாத்திரத்தின் அடியில் உப்பு வெள்ளையாகப் படியும். நான் கையை மட்டும் ஆட்டினேன். வீட்டுக்கு வந்ததும் பையை வாசலிலேயே வைத்துவிட்டு மாடிக்கு ஏறி, முதல் தகட்டில் விரலை வைத்தேன். சொரசொரவென்றிருந்தது.