ஜுனைதா ராத்தாவின் வேக நடை

என் ராத்தா ஜுனைதா ரோட்டில் நடந்ததால் மாத்தளையில் யாரோ இறந்துவிட்டதாக ஒரு மவுத்துச் செய்தி பரவியது. பகடிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே பரவியது.

அறுபத்தெட்டாம் வருஷம் அது. அக்கா தங்கைகள் எங்கள் மூவரில் மூத்தவள் மஸீஹாவுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, முற்றி, ஒரு காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். ஜுனைதாவின் வீட்டில்தான் நாற்காலியில் கிடந்தாள். உடம்பு அலுங்காமல் இருப்பதுதான் பெரிய வீட்டுப் பெண்ணுக்கு அழகு என்று சொல்லியே எங்களை வளர்த்திருந்தார்கள். கொஞ்சம் அலுங்கியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அடுத்து ஜுனைதாவைச் சோதித்த டொக்டர், "உங்களுக்கு வருத்தம் இன்னும் வரல்ல. வாசல்ல நிக்கிது" என்றார்.

"நான் அஸர் தொழுகைக்குப் பொறகு வீட்டு முத்தத்துல உலாத்துறேனே டொக்டர்?"

"சும்மா இருக்கிறத விட அதுவும் நல்லந்தான். ஆனா உங்க குடும்பத்துக்கு அது காணாது. மேட்டுல வேகமா ஏறுங்க. பேசலாம், ஆனா பாட்டுப் படிக்க ஏலாது, அந்தளவுக்கு மூச்சு வாங்கணும். கொஞ்சங் கொஞ்சமா வேகத்தக் கூட்டுங்க."

கொஞ்சங் கொஞ்சமாவது! மறுநாளே முக்காட்டை இறுக்கிக்கொண்டு, கொக்கோ தோட்டத்துக்குப் போகும் மேட்டு ரோட்டில் விறுவிறுவென்று ஏறினாள். எங்கள் பெண்கள் அப்படி விரைந்து போனால் ஊருக்கு ஒரே அர்த்தம்தான். முதல் வளைவில் கைறுன்னிஸா மாமி அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

"யா அல்லாஹ்! மவுத்தானது யாரு புள்ள?"

ராத்தாவுக்குப் பதில் சொல்ல மூச்சு வரவில்லை. மேட்டுக்குப் போகிறேன் என்று கையை மட்டும் மேலே காட்டினாள். மேட்டு வீட்டில் நுஹ்மான் அப்பா என்ற கிழவர் நோயாய்ப் படுக்கையில் கிடந்த காலம் அது. போதாதா? கடைகளைச் சாத்திவிட்டு ஆண்கள் தொப்பியும் தலையுமாய் அங்கே போய் நின்றார்கள். கிழவர் எழுந்து உட்கார்ந்து, "எனக்கா வந்தீங்க? தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாராம்.

அன்று மாலையே நாலைந்து பேர் ராத்தாவின் புருஷன் ஜைனுதீன் மச்சானிடம் வந்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் றஹீம் ஹாஜியார்.

"பொம்புளையக் கொஞ்சம் அடக்கி வைங்க ஜைனுதீன். நடக்கணும் எண்டா முத்தத்துல நடக்கட்டும்."

மச்சான் மிளகு வியாபாரி, ஊர் வாய்க்குப் பயந்தவர். "நாளையில இருந்து போகமாட்டா" என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, திரையை விலக்கிக்கொண்டு ராத்தா வந்து நின்றாள்.

"எங்கட ராத்தாட கால வெட்டின நேரம் பாக்க வந்தீங்க. பழமும் கொண்டு வந்தீங்க, நல்லம். நாளைக்கு என்ட கால வெட்டினா உங்கள்ல யாரு கால் தருவீங்க? சொல்லுங்க ஹாஜியார், இப்பவே சொல்லுங்க!"

ஹாஜியார் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

"முத்தம் எனக்குக் காணாது. இந்த ரோட்டுலதான் ஏறுவேன். வேகமாத்தான் ஏறுவேன்."

திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு விசிலடிக்க வேண்டும் போலிருந்தது.

மறுநாள் காலை அவள் புறப்பட்டபோது மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"நானும் வாறேன் ஜுனைதா. நாலு பேர் பாக்கிற ரோடு. மெதுவாப் போவமே?"

உள்ளே நாற்காலியிலிருந்து மஸீஹா தொண்டை கிழியக் கத்தினாள்.

"அவர்ட பேச்சக் கேக்காத புள்ள! வேகமாப் போ!"