குனிய முடியாத இருவர்

தொண்ணூறுகளில் எனக்கு இருபது வயது. ஊர்ச் சண்டையில் நான் கணேசனை வெட்டினேன். பதிலுக்கு அவன் என் அண்ணனை வெட்டினான். வெட்டுப்பட்ட இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். இரண்டு வழக்குக்கும் பாளையங்கோட்டை கோர்ட்டில் ஒரே நாளில் வாய்தா. போகிற வழியிலேயே கொலை விழும் என்று ஊரே பயந்தது.

ஊரில் சமாதானம் பேச வந்த குழுவில் மேலப்பாளையத்துப் பாத்திமா அக்கா இருந்தார், பீடி சுற்றுகிறவர். "ரெண்டு பேரும் என்கூட ஒரே பஸ்ஸுல வாங்கலே. வெறுங்கையா வரணும்" என்று எங்களிடம் சத்தியம் வாங்கினார்.

என் கை வெறுங்கைதான். அரிவாள் முதுகில், சட்டைக்குள் இருந்தது. சீட்டில் சாய முடியாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தேன்.

ஆற்றுப் பாலத்தில் பஸ் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கிக் குனிந்து தள்ளினார்கள். நானும் கணேசனும் மட்டும் குனியவில்லை.

அக்கா பார்த்துவிட்டார். "ஏலே, ரெண்டு பேரும் ஏன் குனிய மாட்டேங்கிய?"

கணேசன் என்னைப் பார்த்தான். அவன் முதுகிலும் அரிவாள்; அவனும் என்னைப் போலவே பயந்துபோய்த்தான் அதை எடுத்து வந்திருக்கிறான் என்பது அப்போதுதான் உறைத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவனுக்கும். முதலில் நான் அரிவாளை உருவி ஆற்றில் எறிந்தேன். உடனே அவனுடையதும் விழுந்தது.

"இப்பம் தள்ளுங்கலே!" என்று அக்கா கத்தினார். தோளோடு தோள் சேர்த்துத் தள்ளினோம். வண்டி உறுமிக் கிளம்பியது. எல்லோரும் கைதட்டினார்கள்.

வழக்குகள் முடியும்வரை இருவரும் ஒரே சீட்டில்தான் போய்வந்தோம். இன்றைக்கும் பஸ்ஸில் ஏறினால் முதல் வேலையாக நன்றாகச் சாய்ந்துகொள்வேன். அந்தச் சுகம் எங்கள் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.