கொஞ்சம் தள்ளி உக்காருப்பா

ஒரு காலில் கேன்வாஸ் ஷூவை மாட்டிவிட்டு மறுகாலைத் தூக்கும்போது போன் வந்தது. கார்த்தி. எங்கள் பூங்கா ரோந்தில் இளையவன். "ஐயா, நர்ஸம்மா போயிட்டாக" என்றான். "காலங்காத்தால என்னடா விளையாட்டு?" என்று கத்தினேன். அவன் அழுதான். முந்தின நாள் மாலைகூட எங்களோடு பூங்காவைச் சுற்றிவிட்டு, "நாளைக்கு ஃபிளாஸ்க்க நீங்க கொண்டாங்க தம்பி" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போன மனுஷி. தூக்கத்திலேயே போய்விட்டார்.

முத்துலட்சுமி அக்காவைத் தேனியில் பலருக்கும் நர்ஸம்மாவாகத்தான் தெரியும். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அந்தக் கைதான் ஊசி போட்டிருக்கும். ஊசிக் கதையை நீங்கள் சொல்லுங்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவர் எங்கள் பகுதிப் பூங்காவை மீட்ட கதையை நான் சொல்கிறேன்.

அப்போது அது பூங்காவாகவா இருந்தது? பொழுது சாய்ந்தால் பெஞ்சுக்குப் பெஞ்சு பாட்டில். பிள்ளைகள் ஆடும் ஊஞ்சலில் தடிமாடுகள். கடையிலும் ஆபீசிலும் வேலை முடித்து நடக்க வரும் பெண்கள் வாசலோடு திரும்பிப் போனார்கள். இதற்கு நகராட்சி அதிகாரி கண்டுபிடித்த வைத்தியம், மாலை ஐந்து மணிக்கே கேட்டைப் பூட்டுவது. "ஒரு மாசம் பாப்பேன். சரியாகலேன்னா பூட்டுத்தான்" என்று சொல்லிவிட்டார். ஐந்து மணிக்குப் பூட்டினால் வேலைக்குப் போகும் பெண்கள் எங்கே நடப்பது? கம்பம் ரோட்டில், லாரிகளுக்கு நடுவிலா? அக்காவுக்குப் பொறுக்காமல் போனது அதுதான்.

நடக்க வரும் ஆறேழு பேர் சேர்ந்து ரோந்து போவதென்று முடிவானது. கரண்டு ஆபீஸ் வேலையில் போஸ்ட் ஏறிய உடம்பு என்னுடையது. மூங்கில் கம்பும் விசிலுமாகப் போய் நின்றேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ன தம்பி, மாடு மேய்க்கப் போறீகளா?" என்று கேட்டு, கம்பைப் பிடுங்கி வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டார்.

அவருடைய ரோந்தே வேறு. பாட்டிலோடு மூன்று பேர் இருக்கும் பெஞ்சுக்கு நேராகப் போவார். "கொஞ்சம் தள்ளி உக்காருப்பா" என்று நடுவில் உட்கார்ந்துவிடுவார். விரட்டமாட்டார், திட்டமாட்டார். ஃபிளாஸ்க்கைத் திறந்து சுக்குக் காப்பி ஊற்றிக்கொண்டு தன் மூட்டு வலியில் ஆரம்பிப்பார். மூட்டு முடிந்தால் சர்க்கரை, சர்க்கரை முடிந்தால் மூலம். "ஒனக்கு உண்டாப்பா? கூச்சப்படாத, நான் பாக்காததா?" அதற்கப்புறம் எவனுக்குச் சரக்கு இறங்கும்! ஒருவன் என்னிடம் ஓடி வந்து, "ஐயா, போலீஸ வேணாலும் கூப்பிடுங்க, இந்தம்மாவ மட்டும் கூட்டிட்டுப் போயிருங்க" என்று கும்பிட்டான்.

"எடம் காலியாக் கெடந்தாத்தான் தம்பி பாட்டில் வந்து உக்காருது. நாம உக்காந்துட்டா அதுக்கு எடமேது?" என்பார். அவர் படித்த சட்டம் ஒழுங்கு இவ்வளவுதான்.

மாதக் கடைசியில், அதிகாரி பார்வையிட வருவதாகச் சொன்ன மாலையில்தான் வினை வந்தது. ஹாரன் அலற நாலைந்து பைக்குகள் உள்ளே நுழைந்தன. பைக் சீட்டில் கேக்கை வைத்து, மூஞ்சியெல்லாம் நுரை அடித்து ஒரே கூச்சல். பிறந்தநாளாம். பிறந்தநாள்காரன் வேறு யாருமில்லை, இதே கார்த்திதான். எனக்கு ரத்தம் கொதித்தது. வாட்ச்மேனிடம் ஓடிப்போய்க் கம்பைக் கேட்டேன். "நர்ஸம்மா அப்பவே வாங்கி ஒளிச்சு வச்சுட்டாக" என்றார். என்னை அக்கா எப்படி அளந்து வைத்திருக்கிறார் பாருங்கள்!

திரும்பிப் பார்த்தால், அக்கா கூட்டத்தின் நடுவில் நிற்கிறார். "ஏலே, பைக்கு மேலயா கேக்கு வெட்டுவாக? அங்கன பெஞ்சுக்குக் கொண்டா" என்று அதட்டினார். கார்த்தியின் மூஞ்சியைச் சேலைத் தலைப்பால் துடைத்து, "ஒங்காத்தாளுக்குப் பிரசவம் பாத்ததே நானாத்தான்டா இருக்கும்" என்றார். அவன் சாதுவாகிவிட்டான். நடக்க வந்த பெண்களையெல்லாம் கைதட்டிக் கூப்பிட்டார். அதிகாரி வந்து இறங்கியபோது, பெண்கள் வரிசையில் நின்று அவனுக்குக் கேக் ஊட்டிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா இது கூட்டம்?" என்று அதிகாரி வாயைத் திறந்தார். திறந்த வாயில் அக்கா ஒரு துண்டு கேக்கை வைத்துவிட்டு, "சுகர் இருக்கா சார்?" என்று கேட்டார். அவர் மென்று முடிப்பதற்குள் கார்த்தியையும் கூட்டாளிகளையும் குப்பை அள்ள விட்டார். கடைசிக் காகிதம் தொட்டிக்குள் போகும்வரை ஒரு பைக்கும் நகரவில்லை. அதிகாரி சிரித்துவிட்டார். "எட்டு மணிவரைக்கும் தெறந்தே வைங்க" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் கார்த்தி ரோந்துக்கு வந்து நின்றான்.

அக்காவின் காரியம் முடிந்த மறுநாள் மாலை எல்லோரும் பூங்காவில் கூடினோம். வேப்பமரத்தடிப் பெஞ்சில் அக்கா வழக்கமாக உட்காரும் இடத்தில் படம் வைத்து, மாலை போட்டிருந்தார்கள். யாரும் கிட்டே போகவில்லை. "அவுக எடம் இப்படியே இருக்கட்டும்யா. யாரும் உக்கார வேணாம்" என்றான் கார்த்தி. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "காலியாப் போடுறதுக்காடா அவுக இத்தனை பாடுபட்டாக?" என்று கத்தினேன். படத்தை எடுத்து மரத்தில் மாட்டச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் உட்கார்ந்தேன்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த இடத்தைத்தான். கோபம் குறைந்துவிட்டது என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். ஆனாலும் தினமும் மாலை ஃபிளாஸ்க்கோடு அங்கே போய்விடுகிறேன். பாட்டிலைப் பையில் மறைத்துக்கொண்டு எவனாவது வந்து தயங்கி நின்றால், "வாப்பா, உக்காரு" என்று நானே கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன்.