பிரேக்கைத் தொடாத சில்வஸ்டர்

குன்னூர் டாக்ஸி ஸ்டாண்டில் சில்வஸ்டரின் வெள்ளை அம்பாஸடரைத் தெரியாதவர்கள் கிடையாது. மீசை முளைத்த வயதில் ஸ்டியரிங் பிடித்தவர். தொண்ணூறுகளின் கடைசியில், தலை முழுக்க நரைத்த பிறகும், அவருக்கு ஒரே ஒரு கர்வம் மிச்சமிருந்தது. மேட்டுப்பாளையம் ரோட்டில் இறங்கும்போது இரண்டாவது கியரில் போட்டாரென்றால் அடிவாரத்துக் கல்லாறு வரைக்கும் பிரேக்கில் கால் படாது. எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ரொம்ப இறக்கமென்றால் முதல் கியர். கீழே இருந்து வரும் டிரைவர்கள் வளைவுக்கு வளைவு மிதித்து, சக்கரத்தில் கருகல் வாடை கிளம்பி ஓரங்கட்டி நிற்பதைப் பார்த்துவிட்டால் இவருக்கு வாய் சும்மா இருக்காது. "வண்டியில கியருன்னு ஒண்ணு வெச்சிருக்காங்கோ, பாக்கலீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்.

அந்த வாயை விட்டால் சொக்கத் தங்கமான மனுஷன். எஸ்டேட்டில் யாருக்காவது பிரசவ வலி எடுத்துவிட்டதென்று ஆள் வந்தால், பாதிச் சோற்றில் கை கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவார். அப்படிப்பட்டவருடைய பெண்டாட்டி ஜெஸிந்தா ஒரு வருஷமாகப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். டாக்ஸிக்காரன் பெண்டாட்டி டவுன் பஸ்ஸில் தொங்குகிறாள் என்று ஸ்டாண்டில் கிண்டல் செய்யாத ஆள் இல்லை. சில்வஸ்டரும் கூடச் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்ததும் அந்தச் சிரிப்பு எங்கே போகுமோ தெரியாது.

போன வருஷம் நடந்த ஒரு விஷயம்தான் அதற்குக் காரணம். ஒரு விடிகாலையில் ஜெஸிந்தாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார். கண்ணைக் கட்டிவிட்டது போல மூடுபனி. திடீரென்று ரோட்டுக்குக் குறுக்கே ஒரு காட்டெருமை. சில்வஸ்டர் பதறவில்லை; கியரைக் குறைத்தார், வண்டி ஊர்ந்தது. அடுத்த நொடி, பின்னால் வந்த கேரட் லாரி இடித்துவிட்டது. அவருக்குக் கீறல்கூட இல்லை. ஜெஸிந்தாவுக்குக் கழுத்து போயிற்று. மாதக்கணக்கில் கழுத்துப்பட்டை போட்டும் முழுக்கச் சரியாகவில்லை. யாராவது கூப்பிட்டால் தலையை மட்டும் திருப்ப அவளால் முடியாது, உடம்போடு திரும்ப வேண்டும். ஆள் எழுந்து நடமாடிய பிறகும் அந்தப் பின்சீட்டில் மட்டும் ஏற மாட்டேன் என்றுவிட்டாள். பின்னால் லாரிச் சத்தம் கேட்டாலே பயமாம்.

லாரி ஓட்டி வந்த லிங்கசாமி, ஊட்டிப் பக்கம் எமரால்டு ஊர்க்காரர், அன்றைக்கே கையைக் கூப்பிக்கொண்டு சொன்னார்: வண்டி மெதுவாகிறது என்று தெரியவே இல்லை, பின்னால் பிரேக் லைட் எரியவில்லை என்று. பொய் சொல்கிறான் பாவி என்று ரோட்டிலேயே அவர் சட்டையைப் பிடித்தார் சில்வஸ்டர். அதோடு விட்டாரா? லாரி முதலாளி வீடு வரைக்கும் போய் நியாயம் கேட்டார். லிங்கசாமிக்கு வேலை போனது. இப்போது யாருடைய தோட்டத்திலோ கோஸ் மூட்டை தூக்குகிறார் என்று கேள்வி.

இந்த வருஷம் மேட்டுப்பாளையத்தில் பேரனுக்கு ஞானஸ்நானம் வைத்தார்கள். அதற்காவது அவளைத் தன் வண்டியில் கூட்டிக்கொண்டு போகவேண்டும் என்று சில்வஸ்டருக்குக் கிடந்து அடித்துக்கொண்டது. டூரிஸ்டுகளின் புதுக் கார்களில் பின்கண்ணாடிக்கு நடுவே மூன்றாவதாக ஒரு பிரேக் லைட் இருப்பதைப் பார்த்திருந்தார். எலெக்ட்ரீஷியன் அழகர்சாமியைப் பிடித்து, கோயமுத்தூரிலிருந்து ஒரு நீளமான சிவப்பு லைட்டை வரவழைத்து, பின்கண்ணாடியின் உள்பக்கம் பொருத்தினார். மிதித்தால் கடைவீதி முழுக்கத் தெரிந்தது. ஜெஸிந்தாவை வாசலில் நிறுத்திக் காட்டினார். நல்லாத்தான் இருக்கிறது என்றாள். ஆனாலும் பஸ்ஸிலேயே வருகிறேன் என்றாள்.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. சரி, அவள் ஏறாவிட்டால் என்ன, லைட்டை அவள் வழிநெடுகப் பார்க்கட்டும் என்று ஒரு யோசனை செய்தார். ஜெஸிந்தா பஸ்ஸில் எப்போதும் முன்சீட்டில்தான் உட்காருவாள். பின்னால் எது வந்து இடித்தாலும் பஸ் முழுக்க ஆட்களைத் தாண்டித்தானே தன்னிடம் வரவேண்டும் என்று அவளுக்கு ஒரு கணக்கு. அன்று காலை பஸ் புறப்பட்டதும் சில்வஸ்டர் காலி வண்டியை அதற்கு முன்னால் விட்டார். சவாரி கேட்டவர்களையும் ஏற்றவில்லை. பஸ்ஸின் கண்ணாடிக்கு நேரெதிரே அந்தப் புது லைட் ஒவ்வொரு வளைவாக இறங்கியது.

பாதி வழியில், பர்லியாறில் டீக்கு நின்றார்கள். மங்குஸ்தான் பழக் கூடைகளைத் தாண்டி ஜெஸிந்தா நேரே அவரிடம் வந்தாள்.

"ஏனுங்க, அந்த லைட்டு ஒருக்காக்கூட எரியலீங்களே."

"என்ன புள்ள சொல்ற? எரியாம எப்புடி?"

அவசரமாக வண்டியில் ஏறி மிதித்தார். பின்னால் நின்றவள் எரிகிறது என்றாள். மறுபடி மிதித்தார். எரிகிறது என்றாள். பிறகு ஏன் வழியில் எரியவில்லை என்று கேட்க வாயைத் திறந்தவர், குனிந்து பெடல்மேல் இருந்த தன் காலைப் பார்த்தார். குன்னூரிலிருந்து இதுவரை அந்தப் பெடலில் அவர் கால் வைக்கவே இல்லை. இன்றைக்கு மட்டுமா? காட்டெருமை குறுக்கே வந்த அன்றைக்கும் வைக்கவில்லை.

சில்வஸ்டர் கதவைத் திறந்து இறங்கி, அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் பிரேக்கை மிதிக்கவே இல்ல புள்ள, அன்னிக்கும் மிதிக்கல. லிங்கசாமி பொய் சொல்லலெ, ஜெஸி. உன்ற கழுத்து என்னாலதான் போச்சு."

ஒரு வருஷத்து வலியையும் பயத்தையும் ஒரே நிமிஷத்தில் லிங்கசாமி கணக்கிலிருந்து புருஷன் கணக்குக்கு மாற்றிவிட ஜெஸிந்தாவால் முடியவில்லை. கோபம் வந்தது, அந்த ஆள் நிற்கிற நிலையைப் பார்த்துப் பாவமாகவும் இருந்தது. கண்டக்டர் விசில் ஊதினார். அவள் பஸ்ஸுக்குப் போனாள், ஏறினாள். சில்வஸ்டர் நின்ற இடத்திலேயே நின்றார். கொஞ்ச நேரத்தில் அவள் பேரனுக்குத் தைத்த சட்டை வைத்த பையோடு இறங்கி வந்து, அம்பாஸடரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"பிரேக்குல காலை வெச்சு ஓட்டுங்க," என்றாள்.

இரண்டாவது கியரிலேயேதான் இறங்கினார். மலையில் அதை விடக்கூடாது. ஆனால் வேகம் குறையும் இடமெல்லாம் பெடலை லேசாக அழுத்தினார். ஜெஸிந்தா சீட்டின்மேல் காலை மடக்கிப்போட்டு, உடம்போடு பின்பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பின்கண்ணாடியில் சிவப்பு படரும்போதெல்லாம் "எரியுது" என்றாள். பஸ் அவர்களுக்குப் பின்னால் தள்ளியே வந்தது.

கல்லாறு பாலம் வந்த பிறகுதான் முன்னால் திரும்பினாள்.

"திரும்பிப் போனதும் எமரால்டுக்குப் போயி லிங்கசாமியப் பாக்கோணுமுங்க. அவரு மொதலாளிகிட்டயும் நீங்கதான் போய்ச் சொல்லோணும்."

"சொல்றேன் புள்ள."

ரோடு சமதளமாக நீண்டு கிடந்தது. பஸ் பின்தங்கிவிட்டது, பின்னால் ஒரு சைக்கிள்கூட இல்லை. ஆனாலும் ஊருக்குள் திரும்பும் இடத்தில் சில்வஸ்டர் பிரேக்கில் கால் வைத்தார்.