ஊசி போடாத டாக்டர்

இந்த நினைவு மலருக்காக உறவினர்கள் எழுதித் தந்த கட்டுரைகளை அச்சுக்குப் போகும் முன் நான் படித்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லோரும் அண்ணனைக் 'கைராசிக்கார டாக்டர்' என்று எழுதியிருக்கிறார்கள். அவர் உயிரோடு இருந்தபோது அவருக்குக் கைராசியே கிடையாது என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் சொல்லித் திரிந்தவர்களும் இவர்களேதான். செத்த பிறகு ராசி வந்துவிட்டது போலிருக்கிறது. அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிற இன்று, அவருடைய மருத்துவமனையில் கடைசிவரை கூட இருந்த தங்கை என்ற முறையில் நானும் சில பக்கங்கள் எழுதுகிறேன். இனிக்க இனிக்க எழுத எனக்கு வராது. அதற்கு மற்றவர்களின் பக்கங்கள் இருக்கின்றன.

நாமகிரிப்பேட்டைக்குப் பக்கத்தில், மஞ்சள் விளைகிற ஊரில், நல்ல பண்ணையம் உள்ள குடும்பத்தில் அண்ணன் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமாகிவிட்டதால் அப்பாவின் அண்ணனான எங்கள் பெரியப்பாதான் குடும்பத்துக்குத் தலைவர். தோட்டம் போதாதென்று சங்ககிரியில் லாரி வாங்கி ஓட்டியவர். அவர் கனைத்தால் வீடே எழுந்து நிற்கும்.

அண்ணனுக்கும் எனக்கும் நடுவில் ஒரு பையன் இருந்தான். நடக்கப் பழகும் வயதில் சளி பிடித்து, மூச்சு இரைத்து, விலா இழுத்தது. மாந்தம் என்று சொல்லி வயிற்றில் சூடு போட்டார்கள். சூட்டுப் புண் ஆறுவதற்குள் பையன் போய்விட்டான். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அண்ணன் அந்தத் தழும்புகளைப் பார்த்தார். அவர் குழந்தை வைத்தியம் படித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. ராசிபுரத்தில் பள்ளிப் படிப்பு, பிறகு மருத்துவக் கல்லூரி, அதன் பிறகு குழந்தைகளுக்கென்று தனிப் படிப்பு. எல்லாம் முடித்து எழுபதுகளின் நடுவில் நாமகிரிப்பேட்டைக்கே திரும்பி வந்து மருத்துவமனை வைத்தார். கட்டிக்கொடுத்த இடத்தில் வாழாமல் வந்துவிட்ட என்னைப் பெரியப்பா வாசற்படி ஏறக் கூடாது என்றபோது, "எங்கூட இருக்கட்டுமுங்க" என்று அழைத்துக்கொண்டதும் அண்ணன்தான். சீட்டு எழுதுவது, மருந்து கட்டிக் கொடுப்பது, அழுகிற குழந்தையை வாங்கி வைத்துக்கொள்வது என் வேலை.

அண்ணன் குழந்தையைப் பார்க்கும் விதம் எங்கள் ஊர்ப் புத்திசாலிகளுக்குப் பிடிக்கவில்லை. குழந்தையைத் தாய் மடியிலேயே வைக்கச் சொல்வார். அழுதால் அழுகை நிற்கும்வரை காத்திருப்பார். சட்டையைத் தூக்கிவிட்டு, கைக்கடிகாரத்தை ஒரு கண்ணும் குழந்தையின் வயிற்றை ஒரு கண்ணுமாகப் பார்த்து, மூச்சை எண்ணுவார். மூச்சு வேகமாக ஓடுகிறதா, இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறதா, பால் குடிக்கிறதா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் காதில் மாட்டும் குழாயை எடுப்பார். "சும்மா வயித்தையே பாத்துட்டுக் குக்கீருக்கறாரு, இதப் பாக்கறதுக்கு டாக்டருக்குப் படிக்கோணுமாக்கு?" என்று வெளித் திண்டில் உட்கார்ந்து பேசுவார்கள். எனக்குக் காது நன்றாகவே கேட்கும்.

வெறும் சளி என்றால் அண்ணன் ஊசி போட மாட்டார். "தானா செரியாயிரும் சாமி. தாய்ப்பால் நிறுத்தாதீங்க, வெதுவெதுன்னு குடிக்கக் குடுங்க. மூச்சு வாங்குனாலோ, பால் குடிக்காம இருந்தாலோ அந்த நிமிசமே தூக்கிட்டு வாங்க" என்பார். அதைக் கேட்ட முகங்களை நான் பார்த்திருக்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போய் சாப்பாடு இல்லை என்று கேட்ட முகங்கள். நேராக அடுத்த தெருவுக்குப் போவார்கள். அங்கே எங்கோ கம்பவுண்டராக இருந்து, தானாகவே டாக்டராகிவிட்ட ஒருவர் உட்கார்ந்திருந்தார். வாசலில் கால் வைக்கும்போதே ஊசி வெந்நீரில் கொதித்துக்கொண்டிருக்கும். தும்மினாலும் ஊசி, விக்கினாலும் ஊசி. நிறைந்த மனதோடு வீட்டுக்குப் போவார்கள்.

இதே ஆட்களிடம் கக்குவான் இருமல் வராமல் இருக்கத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள் என்று அண்ணன் சொன்னால் குழந்தையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடுவார்கள். "நல்லாருக்கற கொழந்தைக்கு ஊசி போட்டுக் காச்ச வர வெக்கறாரு" என்று புகார். காய்ச்சல் உள்ளபோது வேண்டாத ஊசி வேண்டும், காய்ச்சல் இல்லாதபோது வேண்டிய ஊசி வேண்டாம். இந்த அறிவை வைத்துக்கொண்டு இவர்கள் எப்படி மஞ்சள் விற்று லாபம் பார்த்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே எண்ணெய். குளிப்பாட்டும்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விட்டு, வாயால் ஊதி, பிறகு சாம்பிராணிப் புகையில் மூச்சு முட்டப் பிடிப்பது நம் குடும்பங்களில் ஒரு சடங்கு. அந்த எண்ணெய் மூக்கோடு நிற்பதில்லை, நுரையீரலுக்குள் இறங்குகிறது, இறங்கின இடம் கெட்டுப்போகிறது என்று அண்ணன் தொண்டை வற்றச் சொன்னார். பெரியப்பாவுக்குப் பேரன் பிறந்து பெயர் வைத்த அன்று விருந்துக்குப் போனபோதும் பெரியம்மாவிடம் சொன்னார். பெரியம்மா சபையில் எல்லோருக்கும் கேட்கும்படி சிரித்தார். "எங்களையெல்லாம் எண்ணெ ஊத்தித்தான் வளத்துனாங்க. நாங்கெல்லாம் செத்தா போயிட்டோம்?" பந்தியே சிரித்தது. செத்துப்போனவர்கள் பந்திக்கு வந்து பதில் சொல்ல மாட்டார்கள் அல்லவா. பெரியப்பாவின் மருமகள் மட்டும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சிரிக்காமல் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்து வருடம் திரும்பாத மருமகளுக்கு அந்த வீட்டில் வாய் ஏது.

அந்தப் பேரனுக்கு மூன்றாம் மாதத்தில் சளி பிடித்தது. எண்ணெயை நிறுத்தவில்லை, கூட்டினார்கள். அடுத்த தெரு ஆளிடம் ஊசி போட்டார்கள். மூச்சு இரைத்ததும் சூடு போட ஆள் அழைத்தார்கள். சொந்தத் தம்பி மகன் டாக்டராக இருப்பது எல்லாம் முடிந்த பிறகுதான் பெரியப்பாவுக்கு நினைவு வந்தது. பட்டப்பகலில் காரில் கொண்டுவந்தார்கள். சட்டையைத் தூக்கியதும் நானே பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. உதடு நீலம். மார்பில் புதுச் சூடு. அண்ணன் வேண்டிய ஊசியைப் போட்டார். ஆம், ஊசி போடாத டாக்டர் அன்று ஊசி போட்டார். அடுத்து ஆக்ஸிஜன் வேண்டும்.

சின்ன ஊரில் ஆக்ஸிஜன் சிலிண்டர் வைத்திருந்த டாக்டர் அவர் ஒருவர்தான். "ஆஸ்பத்திரியா, வெல்டிங் பட்டறையா?" என்று அதற்கும் கேலி பேசினார்கள். அது தீர்ந்தால் சேலத்துக்குப் போய் நிரப்பி வர வேண்டும். பெரியப்பாவின் லாரி சேலம் போய் வருவதால் அந்த முறை காலி சிலிண்டரை அதில்தான் ஏற்றி விட்டிருந்தோம். திரும்பி வந்திருக்க வேண்டிய நாள் கடந்திருந்தது. அண்ணன் குழந்தையைத் தாயிடம் கொடுத்து, துணித் திரையைத் தாண்டி வெளியே வந்தார். நான் அவர் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"பெரியப்பா, சிலிண்டர் வந்துருச்சுங்களா? வண்டில இருந்தா இப்பவே எறக்கச் சொல்லுங்க."

பெரியப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். "ரொப்பித்தான் வந்துச்சு சாமி. வண்டிக்குப் பின் கதவு ஒடஞ்சிருந்துச்சு. சங்ககிரி வெல்டிங் பட்டறைல கேஸ் தீந்துபோச்சுன்னாங்க. நம்ம வண்டிலயே ஒண்ணு நெறஞ்சு கெடக்குதேன்னு அதை மாட்டிப் பத்த வெக்கச் சொல்லிட்டேன். அடுத்த ட்ரிப்புல ரொப்பிக் குடுத்தரலாம்னு இருந்தேன்."



"அது கொழந்தைகளுக்குன்னு உங்களுக்குத் தெரியுமுங்களே."

"ரெண்டும் ஒரே கேஸுன்னு பட்டறைக்காரன் சொன்னான் சாமி."

லாரிக்காரர்களுக்கு அது கேஸ். பின் கதவுக்கு அவசரம், குழந்தைகளுக்கு அடுத்த ட்ரிப். எந்தக் குழந்தைகள்? வேறு யார் வீட்டுக் குழந்தைகளோ, அவர்கள் காத்திருக்கலாம் என்பதுதான் அவருடைய கணக்கு. தன் வீட்டுக் குழந்தைக்கு அது வேண்டிவரும் என்று தெரிந்திருந்தால் கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருப்பார். எனக்கு அவர்மேல் ஆத்திரம்கூட இல்லை. அருவருப்புதான்.

அண்ணன் தாயையும் குழந்தையையும் காரில் ஏற்றி, தானும் ஏறி, சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார். மல்லூர் வருவதற்கு முன்பே குழந்தை இறந்துவிட்டது.

ஆக்ஸிஜன் இருந்திருந்தாலும் பிழைத்திருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்பார் அண்ணன். அது அவருடைய நியாயம். எனக்கு அவ்வளவு நியாயம் தேவைப்படவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் பெரியப்பா என்ன சொன்னார் தெரியுமா? "சொந்தத்துல டாக்டரு இருக்கறான்னு நம்பிக் கொண்டு போனேன். கைய விரிச்சுட்டான்" என்றார். ஊர் அதைக் கற்கண்டு போலப் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு பல வருடம் நம் சொந்தக்காரர்களில் ஒருத்தியைத் தவிர யாரும் குழந்தையை அண்ணனிடம் கொண்டுவரவில்லை. எங்கள் திண்டைக் கடந்து அடுத்த தெருவுக்குப் போவார்கள். கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நாட்டுப்புறத்துக் கூலிக்காரர்களும் ஆத்தூர்ப் பக்கத்து ஆட்களும்தான் வந்தார்கள். அவர்களுடைய குழந்தைகள் பிழைத்தன.

உண்மையைச் சொல்லிவிடப் போகிறேன் என்று நான் குதித்தபோது அண்ணன் கையைப் பிடித்து நிறுத்தினார். "அந்தப் புள்ள அந்த ஊட்லதான் வாழோணும். மாமனார் பண்ணுன வேலை இதுன்னு தெரிஞ்சா, அந்த மனுசனுக்கு எந்தக் கையில சோறு போடுவா? எம்பேரு கெட்டாக் கெட்டுட்டுப் போகுது, உடு" என்றார். நான் வாயை மூடிக்கொண்டதற்குக் காரணம் அவர்தான், இவர்கள்மேல் உள்ள மரியாதை அல்ல. சென்ற ஆண்டு நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு வலி வந்து, நாற்காலியிலேயே சாய்ந்து, ஐம்பதைத் தொடாத வயதில் அண்ணன் காலமானார். மாலைகளோடு வந்தவர்களில் பெரியப்பாவும் இருந்தார். பெரிய மாலை அவருடையதுதான்.

கருமாதி முடிந்து எல்லோரும் போன பிறகு பெரியப்பாவின் மருமகள் மட்டும் சமையலறையில் என்னோடு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். இப்போது அவளுக்கு வளர்ந்த பிள்ளைகள் இருவர். பெரியம்மா போன பிறகு அந்த வீட்டுச் சாவி அவள் இடுப்பில்தான் இருக்கிறது. அண்ணனுக்கு மலர் போடப் போகிறேன் என்று சொன்னேன்.

"அதுல அந்த சிலிண்டரப் பத்தி எழுதுங்க அக்கா" என்றாள்.

என் கையிலிருந்த குண்டா நழுவிவிட்டது.

"அன்னைக்குத் திரைக்கு இந்தப் பக்கம் நாந்தானுங்க குக்கீருந்தேன். பேசுனது அத்தனையும் காதுல உழுந்துச்சு."

"அப்பறம் இத்தன வருசம் எப்படி அந்த ஊட்ல...?"

"டாக்டர் மாமா எனக்காகத்தான் வாயத் தொறக்காம இருக்கறாருன்னு தெரிஞ்சுதுங்க. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா அவரு இன்னும் வெசனப்படுவாரு. அதனால நானும் தெரியாதவ மாதிரியே இருந்துட்டேன். பொறந்த ஊட்டுக்குப் போறேன்னு சொல்லிட்டு இந்த ரெண்டு புள்ளைங்களையும் அவருகிட்டத்தான் தூக்கிட்டு வந்தேன், உங்களுக்கே தெரியுமுங்களே. ஒருத்தரையும் மூக்குல எண்ணெ உட உடல. இப்ப நான் யாருக்குங்க பயப்படோணும்? எழுதுங்க."

எழுதிவிட்டேன். பெரியப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு நன்றாகவே படிப்பார். இன்றைய சடங்குக்கு நாற்காலிகள் ஏற்றிவர லாரி அனுப்புவதாகச் சொல்லி விட்டிருந்தார். வேண்டாம் என்றேன். காரணம் கேட்டார், இந்தப் பக்கங்களில் இருக்கிறது.

உதவியவர்களுக்கு நன்றி சொல்லி முடிப்பது முறை. அண்ணனை நம்பிக் குழந்தையைக் கையில் கொடுத்த தாய்மார்களுக்கு, முக்கியமாக நாங்கள் பெயர்கூடக் கேட்டு வைக்காத கூலிக்காரத் தாய்மார்களுக்கு, எங்கள் நன்றி. சுற்றத்தார் வந்ததற்கும் சாப்பிட்டதற்கும் நன்றி. அதற்கு மேல் நன்றி சொல்ல அவர்கள் எதுவும் செய்யவில்லை. பெரியப்பாவின் மருமகளுக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உன் பெயரைப் போட்டு நன்றி எழுதட்டுமா என்று அவளையே கேட்டேன்.

"எம்பேரு எதுக்குங்க?" என்றாள். "எம் மூத்தவம்பேரப் போடுங்க. செத்தவன் பேரச் சொல்லக் கூடாதுன்னு அந்த ஊட்ல ஒருத்தரும் அவம்பேர எடுக்கறதே இல்லீங்க. எங்கியாச்சும் ஒரு எடத்துல எழுதியிருந்தாத் தேவலை."

அவன் பெயர் பூபதி.