குண்டூசியில் குத்திய நன்றி

இங்கிலாந்து ராஜா அமெரிக்காவை ஆண்ட காலத்தில், நியூபோர்ட் துறைமுகத்தில் சாவு விழுந்தால் இரண்டு இடத்துக்கு ஆள் ஓடும். பெட்டிக்குத் தச்சனிடம்; பாட்டுக்குச் சபை மூப்பர் பார்ன்வெல் வீட்டு அடுப்படிக்கு. அங்கே மாவு பிசையும் அடிமைப்பெண் ஸில்ஃபா எழுதித் தரும் பாட்டை, அவளே தரும் குண்டூசியால் சவப்பெட்டியின் கறுப்புத் துணியில் குத்தித்தான் கல்லறைக்குத் தூக்குவார்கள். எல்லாப் பாட்டும் நன்றியில் தொடங்கும். ஆப்பிரிக்காவின் கினியா கரையிலிருந்து என்னைக் கொண்டுவந்து உம்மை அறியவைத்தீரே, கர்த்தாவே. அதை அவள் பொய்யாக எழுதவில்லை. அவள் பேச்சைக் கேட்க அந்த வீட்டில் கர்த்தரை விட்டால் வேறு யார் இருந்தார்கள்?

மூப்பரின் தாயார் இறந்த அன்று காலையில்தான், ஸில்ஃபாவின் ஒன்பது வயது மகள் டார்க்கஸை ஒரு கப்பல்காரன் விலை பேசிவிட்டுப் போயிருந்தான். ஸில்ஃபா மூப்பரின் காலில் விழுந்தாள்.

"புள்ளைய மட்டும் வித்துடாதீங்க ஐயா."

"மொதல்ல அம்மாவுக்குப் பாட்டு எழுது. உன்ன எப்படி வெச்சிருக்கோம்னு ஊருக்குத் தெரியட்டும். அப்புறம் பாக்கலாம்."

எழுதினாள். அந்த வீட்டு ரொட்டிக்கு, பழைய கம்பளிக்கு, கற்றுத்தந்த எழுத்துக்கு, ஒன்று விடாமல் நன்றி சொன்னாள். சவுக்கை மட்டும் விட்டுவிட்டாள். பெற்றவள் பிள்ளைக்காக எதைத்தான் விடமாட்டாள்?

கல்லறையில் போதகர் அதை வாசித்தபோது ஊரே அழுதது. துக்கத்துக்கு வந்த பெரிய மனிதர்களுக்கு வெள்ளைக் கையுறை கொடுப்பது அங்கே வழக்கம். அன்று மூப்பர் அவளுக்கும் ஒரு ஜோடி கொடுத்தார். பெட்டியை இறக்குமுன் பாட்டைக் கழற்றி, ஊசியோடு அவளிடமே தந்து, பத்திரமாக வைக்கச் சொன்னார். பிள்ளை தப்பித்தாள் என்று அவள் மனசு ஆறியது.

வீட்டுக்கு வந்தால் டார்க்கஸ் இல்லை. அந்த வீட்டு வண்டியோட்டி குவாஷ் தலையைத் தூக்கவே இல்லை.

"நீ அங்க போன நேரத்துல கூட்டிட்டுப் போய்ட்டாங்கக்கா. கப்பல் கெளம்பிடுச்சு."

"நீ அழுது சத்தம் போட்டா துக்க வீட்டுக்கு நல்லா இருக்காதுல்ல?" என்றார் மூப்பர். பாவி மனிதர், அதைக் கனிவாகவே சொன்னார்.

கையுறை அடுப்புக்குப் போனது. மகளுக்காக ஒரு துண்டுத் தாளில் ஒரே வரி எழுதினாள்: 'கர்த்தாவே, எம் புள்ள உசுரோட இருக்கா, அதுக்கு நன்றி.' குத்துவதற்குப் பெட்டி இல்லை. அதே ஊசியால் சட்டையின் உள்பக்கம், நெஞ்சோரமாகக் குத்திக்கொண்டாள்.

அடுத்த வாரம் இன்னொரு சாவு. அடுப்படி வாசலில் ஆள் வந்து நின்றது. மாவிலிருந்து கையை எடுக்காமலே ஸில்ஃபா சொன்னாள்:

"எழுதித் தரேன். குண்டூசிய மட்டும் நீங்களே கொண்டு வந்துடுங்க."